பூசைக்கு இரவல் விளக்கு

"இன்னா கஸ்தூரி, பச்சப் புடவயக் கட்டிக்கினு நிக்கிற? யாரு வூட்டுக் கல்யாணம்?"

அண்ணி தையலம்மாளின் கேள்விக்குக் கஸ்தூரி நிமிரவில்லை. புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கை இன்னொரு தரம் முந்தானையால் துடைத்தாள். கல்யாணச் சீராக அப்பா கொடுத்த விளக்கு அது. புருஷன் செத்ததும் அவளோடு குருவிநத்தத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துலக்குகிறவள் கஸ்தூரி, ஏற்றுகிறவள் தையலம்மாள்.

"டைரக்டர் தம்பி என்னியத்தான் ஏத்தச் சொல்லியிருக்குது அண்ணி."

"அது சொல்லும். ஊரு சிரிக்கப் போவுது."

வீடு முழுக்க ஒயரும் லைட்டுமாகக் கிடந்தது. சினிமா எடுக்க வந்திருந்தார்கள். சண்டை, பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கே எவரோ எழுதிய இந்திச் சிறுகதைகளை ஒன்றாகக் கோத்து, பாகூர்ப் பக்கம் நடப்பதாக மாற்றி எடுக்கிற இண்டிபெண்டன்ட் படமாம். எல்லாக் கதையிலும் தாலியறுத்த ஒருத்தி, அவளை ஓரங்கட்டுகிற ஒரு ஊர். வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் அனுப்பப் போகிறார்களாம்.

அதற்காக டைரக்டர் நவநீதன் ஒரு வாரமாகக் கஸ்தூரியின் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்காத கேள்வி இல்லை. வளைகாப்பில் உங்களை எங்கே உட்கார வைப்பார்கள்? யாராவது வெளியே கிளம்பினால் எங்கே நிற்பீர்கள்? கஸ்தூரி எல்லாம் சொன்னாள். கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவதைச் செய்தே காட்டினாள். கதாநாயகிக்குச் சாயம் போன தன் புடவையைக்கூடக் கொடுத்தாள். நவநீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, பூஜைக்கு உங்க விளக்கத்தான் வைக்கிறோம். நீங்கதான் ஏத்தணும்" என்றான்.

பாவி, நம்பிவிட்டாள். அப்பா கொடுத்த விளக்கைத் தன் கையால் ஒரு தடவை ஏற்றவேண்டும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

கூடத்தில் பூசை தொடங்கியது. பணம் போட்டவர் வில்லியனூர் இரும்புக்கடை சிங்காரவேலு. அவர் கண் முதலில் விழுந்தது, கஸ்தூரியின் புடவையில் வேஷத்தோடு நின்ற கதாநாயகி கீர்த்திகா மேல்.

"யோவ், இன்னாய்யா இது? மொத நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்குது பொண்ணு! பட்டுக் கட்டி, பூ வச்சுக்கினு வரச் சொல்லு!"

கீர்த்திகா ஓடினாள். வேஷத்துக்கே இந்தப் பயம் என்றால் அசலைக் கண்டால் கேட்கவேண்டுமா? தீப்பெட்டியோடு நின்ற கஸ்தூரியைப் பார்த்ததும் சிங்காரவேலு முகத்தைச் சுளித்து நவநீதனின் காதைக் கடித்தார். விதவையின் துயரத்தைச் சீமையில் போய்ச் சொல்லிக் கைதட்டு வாங்கப் போகிற அந்த மகானுபாவன், செல்போனைப் பார்த்தபடியே அவளிடம் வந்தான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. புரொடியூசர்தான் கொஞ்சம் சென்டிமென்ட் பாக்குறாரு. கீர்த்திகா ஏத்தட்டும். நீங்க அந்தக் கதவுகிட்ட நின்னு பாருங்களேன்."

அவள் ஒதுங்கிக் காட்டிய அதே கதவு! கஸ்தூரி தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் பின்னால் போய் நின்றாள்.

பட்டும் மல்லிகையுமாக வந்த கீர்த்திகா மெழுகுவர்த்தியால் விளக்கை ஏற்றினாள். கைதட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். விளக்கைப் பார்த்தபடி முதல் ஷாட்டுக்குக் கேமரா தயாரானது.

கஸ்தூரி கதவை விட்டு வெளியே வந்தாள். குனிந்து, எரிகிற விளக்கை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அக்கா, ஷாட் போகப் போகுது! என்ன பண்றீங்க?"

"வெளக்கு என்னுது தம்பி, எடுத்துக்கினு போறேன். அந்தப் புடவயயும் மடிச்சுக் குடுத்துடச் சொல்லு."

"வைடி கீழ!" அண்ணன் அரங்கநாதன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

சிங்காரவேலு அலறினார். "யோவ், கிட்டப் போவாதய்யா! மொத நாளு வெளக்கு அணைஞ்சா படம் எந்திரிக்காது! ஃபேன நிறுத்து! வழி வுடுங்கய்யா, வழி வுடுங்க!"

ஃபேன் நின்றது. கேமராவைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஒயரைத் தூக்கிப் பிடித்தார்கள். ஓங்கின கையை இறக்கிக்கொண்டு அரங்கநாதன் சுவரோடு ஒட்டினான். தையலம்மாள் அவசரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கஸ்தூரி கூடத்தின் நடுவே, யாருக்கும் ஒதுங்காமல், நிதானமாகத் தன் அறைக்கு நடந்தாள்.

"எடுத்தியாடா?" என்று நவநீதன் கேமராக்காரனைக் கேட்டான்.

"ரோல் பண்ணல சார்."

"அய்யோ! அக்கா, ஒரே ஒரு தடவ, அதே மாதிரி திரும்ப நடந்து வர முடியுமா?"

கஸ்தூரி தாழ்ப்பாள் போட்டாள். விளக்கைக் கீழே வைத்து, அதில் சுற்றியிருந்த மல்லிகையில் ஒன்றைக் கிள்ளி, எரிந்த திரிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்துத் தானே ஏற்றினாள்.