நூற்றிருபது தட்டுக் கீரை

கடைசிப் பெண்ணும் கைகழுவப் போனபின் பகவதி வாளியைத் தராசில் தூக்கி வைத்தாள். அன்று மட்டும், தட்டில் மிஞ்சுகிற கீரையைத் தனி வாளியில் போடும்படி விடுதிப் பெண்களிடம் சொல்லியிருந்தாள். காலையில் சமைத்தது பத்து கிலோ. திரும்பி வந்தது ஏழு.

எழுபத்தேழாம் வருஷம் அது. பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து எம்.எஸ்ஸி. ஹோம் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தாள் பகவதி. தேசிய உணவு வழிகாட்டி மாணவிகளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. விடுதியின் நூற்றிருபது பேரில் நூற்றுநான்கு பேர் சரியாக எழுதியிருந்தார்கள். தினமும் கீரை வேண்டும், பருப்பு வேண்டும், ஏன் வேண்டும் என்பது வரை. எழுதிய கைகளே கீரையை ஒதுக்கியும் இருந்தன. பகவதியின் தட்டும் அதில் ஒன்று.

ஆய்வை மேற்பார்வையிட்ட விஜயலக்ஷ்மி டீச்சர் வாளிக் கணக்கைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தப் பக்கத்தை எடுத்துரு பகவதி. வார்டன் பிணங்குவாங்க. கடைசில குக்கைத்தான் வேலைய விட்டுப் பறஞ்சு விடுவாங்க, கேட்டியா.”

சமையல்காரி சொர்ணம்மாள் நாஞ்சில் நாட்டுக்காரி. பதினாறு வருஷமாக அந்த அடுப்படி அவளுடையது. டீச்சர் சொன்னது பயமாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்துவிட்டால், எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்ற பொய்தான் ஆய்வில் மிஞ்சும். பகவதி நேராக அடுப்படிக்குப் போனாள்.

“கீரைய யாரும் திங்கல சொர்ணம்மாக்கா. ஏழு கிலோ.”

சொர்ணம்மாளின் முகம் சிறுத்துப்போனது. “எனக்கு வைக்கத் தெரியாதுன்னு எழுதப் போறியாக்கும்?”

“இல்லக்கா. காலைல ஒரு நாள் உங்ககூட இருந்து பாக்கட்டா?”

மறுநாள் விடியுமுன் போய் நின்றாள். ஆறு மணிக்கு இறக்கிய கீரை பச்சையாக, தேங்காய் மணத்தோடு இருந்தது. ஒரு வாய் தின்றாள். அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது. பகல் ஒரு மணிக்குப் பந்தியில் வைத்தபோது அதே கீரை கறுத்து, ஆறி, பாத்திரத்தோடு ஒட்டிக் கிடந்தது.

“ஏன்க்கா இவ்வளவு வெள்ளன வைக்கீங்க?”

“பின்ன எந்தா செய்ய மக்ளே? உள்ளது ஒற்ற அடுப்பு. அதுல பலகாரம், சோறு, சாம்பார், எல்லாம் ஆகணும். கீரைய முதல்ல எறக்குனாத்தான் மத்ததுக்கு அடுப்பு ஒழியும்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “இத எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

ஆய்வை வாசிக்கும் நாளில் அரங்கின் முன்வரிசையில் வார்டன் உட்கார்ந்திருந்தார். பகவதி வாளிக் கணக்கை வாசித்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். பகவதி நிறுத்தவில்லை. மாணவிகளுக்கு அறிவு குறைவில்லை, சமையலில் பழுதில்லை, குறைவது இன்னொரு அடுப்பு என்று வாசித்தாள். தானும் கீரையை ஒதுக்கியவள்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். விஜயலக்ஷ்மி டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தாளில் நன்றி.

“கீரை மிஞ்சியதற்கு உண்மையான காரணத்தைக் காட்டித் தந்தவர், திருமதி சொர்ணம்மாள்.”

பின்வரிசையில், கஞ்சிப் பசை போட்ட புடவையில் வந்திருந்த சொர்ணம்மாள், பேர் கூப்பிட்டதும் வகுப்புப் பிள்ளையைப் போல எழுந்து நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் உட்காரத் தோன்றவில்லை.