நேரங்கெட்ட மணி

எஹலியகொடைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் மணிக்கு இரண்டே வேலைதான். விடியற்காலையில் அடித்தால் பெரட்டுக் களத்துக்குப் போய் அன்றைய வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு எந்த நேரத்தில் அடித்தாலும் போட்டது போட்டபடி, குடியிருக்கும் லயத்தை விட்டு வெளியே ஓட வேண்டும். மலை சரிகிறது என்று அர்த்தம்.

துரை பங்களாவை ஹோட்டலாக்க வந்தவர்கள் அந்த மணியைப் பார்த்து மயங்கிப்போனார்கள். பித்தளையைத் துலக்கி, புதுக்கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டார்கள். தோட்டத்துக்குத் திடீரென்று பாரம்பரியம் வந்துவிட்டது. லயத்துக் கூரை மட்டும் பழையபடி ஒழுகியது.

சிங்களமும் இங்கிலீசும் சரளமாகப் பேசுவாள் என்று அனிற்றாவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் அவள் புருஷன் எட்வினுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வருகிறவர்களுக்கு அவள் தோட்டத்தைச் சுற்றிக்காட்டுவாள். கடைசியில் அவர்கள் ஆசை தீர மணியடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் தடவை அடித்தபோது கீழ்லயம் முழுக்கப் பிள்ளைகுட்டிகளோடு வாசலுக்கு ஓடி வந்தது. விருந்தாளிகள் மிரண்டுபோனார்கள். ஹோட்டல் மேனேஜர் சுரேந்திரன் இறங்கி வந்தார்.

"அது கெஸ்ட்டுக்கு அடிக்கிற மணி. நீங்க யாரும் வெளிய வராதீங்க."

"அப்ப நெசமா அடிச்சா எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள் எட்வினின் தங்கை அருள்செல்வி.

"நெசம்னா நாங்க சொல்லுவோம்தானே."

"விடு தங்கச்சி," என்றான் எட்வின். "ஒங்கண்ணி வேல அது."

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் மணிச்சத்தத்துக்குத் தொட்டில் பிள்ளைகூடப் புரண்டு படுப்பதில்லை.

ஐப்பசி மழையில் பால்வெட்டு நின்றது. ஒரு மத்தியானம் பங்களா வாசலில் நின்ற அனிற்றா, கீழ்லயத்துக்குப் பின்னாலிருந்த ரப்பர் மரங்கள் நின்றபடியே நகர்வதைக் கண்டாள். ஓடிப் போய் மணியடித்தாள். கை தோல் உரியும்வரை அடித்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் கத்தியது மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

குடத்தோடு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குக் கிளம்பிய அருள்செல்வி, லயத்துக் கடைசியில் அண்ணன் இருந்த தொங்கல் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாளாம்.

"அண்ணே, மணி அடிக்குது."

"அனிற்றா அடிக்கிறா. கெஸ்ட் வந்திருப்பாங்க," என்றானாம் எட்வின் படுத்தபடியே.

அவள் பீலியை எட்டுவதற்குள் அந்தத் தொங்கல் வீடு இல்லை. எட்வினை மறுநாள்தான் எடுத்தார்கள். அவன் சொன்னதை அருள்செல்வி அடக்கம் முடிந்த பிறகு அண்ணியிடம் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மிச்சமிருந்த லயத்துக் காம்பராக்களில் ஜனங்கள் மறுபடி குடியேறினார்கள். புதுவீடு வரும் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். மழைக்கு மூடியிருந்த ஹோட்டலும் தை மாதம் மறுபடி திறந்தது. அனிற்றா வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள், அடுப்பு எரிய வேண்டுமே.

முதலில் வந்தது கொழும்புக் குடும்பம் ஒன்று. அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். கீழே எல்லாக் கதவுகளும் படாரென்று திறந்தன. சோற்றுக் கையோடு ஒருத்தி, சோப்பு நுரையோடு ஒருவன், பிள்ளையை இடுக்கிக்கொண்டு அருள்செல்வி. வெயிலில் நின்று மலையைப் பார்த்தார்கள்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

"நல்லாருக்கே," என்றார் சுரேந்திரன் அனிற்றாவின் காதருகே. "அந்தக் காலத்துல மணியடிச்சா இப்படித்தான் வருவாங்கன்னு சேத்துச் சொல்லுங்க."

அனிற்றாவுக்கு அந்த ஆளின் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அதற்குள் மணியடித்தவர் சுரேந்திரனைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"கெமரா ரெடியில்லையாம். அவங்கள உள்ள போகச் சொல்லுங்க. இன்னொருக்கா அடிப்போம்," என்றார் சுரேந்திரன் திரும்பி வந்து.

கீழேயிருந்து அருள்செல்வி கூப்பிட்டாள்.

"அண்ணி, நெசமா? கெஸ்ட்டா?"

அனிற்றா மலையைப் பார்த்தாள். சரிந்த இடம் சிவப்பாக, லயத்துக்கு மேலே அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நெசந்தான்," என்றாள். "யாரும் உள்ள போகாதீங்க."

சுரேந்திரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. விருந்தாளிகளின் வேன் போன பிறகும், இருட்டும்வரை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.