அக்காவைக் காட்டித் தங்கைக்கு இடம்

என் மனைவி நோயெமி ஒன்றை நினைத்துவிட்டால் அது நடந்தே தீர வேண்டும். போன ஜனவரியில் அவள் நினைத்தது, எங்கள் இளையவள் பலோமாவை அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் டூசான் நகரத்திலேயே பேர்போன நீல ஆந்தை சார்ட்டர் பள்ளியில் சேர்ப்பது. முடிவெட்டப் போன இடத்தில் நாலு பெண்கள் அந்தப் பள்ளியைப் பற்றி ஆகா ஓகோவென்று பேசினார்களாம். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

நான் சைலன்சர் கடை வைத்திருப்பவன். ஒரு பழைய காரை வாங்குவதற்குள் அதன் அடியில் நாலு தடவை படுத்து எழுந்துவிடுவேன். பிள்ளைக்குப் பள்ளி என்றதும் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

எப்படியும் பிள்ளையிடம் கேள்வி கேட்பார்கள் என்று நாங்களே முடிவுகட்டி, ஐந்து வயது பலோமாவுக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தோம்.

"பெரியவளாகி என்ன ஆகப்போற?"

"நாய்."

"டாக்டர்னு சொல்லுடி."

"நாய் டாக்டர்."

அதற்கு மேல் இறங்கிவர அவள் தயாராக இல்லை. சரி, இதுவே போதும் என்று நான் கல்யாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு, சோளமாவில் அவித்த தமாலே இரண்டு டஜனும் தூக்கிக்கொண்டு, குடும்பத்தோடு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மிஸஸ் ஆஸ்ட்ரண்டர் என்ற அம்மாள் இருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"தலைமையாசிரியருக்கு. பன்றிக்கறி வெச்சது. சூடா இருக்கு."

"ஐயா, தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க இன்டர்வியூ கிடையாது, பரீட்சை கிடையாது, ஃபீஸும் கிடையாது. இதுவும் அரசாங்கப் பணத்துல நடக்கற பள்ளிதான், நிர்வாகம் மட்டும் தனி. இடத்துக்கு மேல விண்ணப்பம் வந்தா குலுக்கல். அவ்வளவுதான்."

"அப்ப இவ படிச்சதெல்லாம்?" என்றாள் நோயெமி பரிதாபமாக.

பலோமா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்து "லொள்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பள்ளி ஜிம்மில் குலுக்கல். கம்பிக்கூண்டுக்குள் எண் எழுதிய உருண்டைகளைப் போட்டுச் சுற்றினார்கள். நாற்பத்து நாலு இடம். ஒவ்வொரு எண்ணுக்கும் யாராவது ஒரு அம்மா குதித்தாள். எங்களுக்குக் கிடைத்தது காத்திருப்புப் பட்டியலில் அறுபத்தொன்றாவது இடம். நோயெமி மூக்கைச் சிந்திய சத்தத்தில் உருண்டை சுற்றியவரே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்.

மிஸஸ் ஆஸ்ட்ரண்டருக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து சொன்னார்: "ஏற்கெனவே இங்க சேர்ந்த பிள்ளையோட தம்பி தங்கச்சின்னா, பட்டியல்ல முன்னாடி வந்துடுவாங்க. எட்டாம் வகுப்புல ஏழு இடம் காலியா கிடக்கு. உங்களுக்குப் பெரிய பிள்ளை யாராவது இருக்கா?"

இருக்கிறாள். பதின்மூன்று வயது, பெயர் கிரேசியெலா. நாங்கள் செலா என்போம். எல்லா இடத்துக்கும் எங்களோடுதான் வந்திருந்தாள். அவளைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள். என் யோக்கியதை அவ்வளவுதான். நானும் நோயெமியும் ஒரே நேரத்தில் திரும்பி, நாலு வரிசை தள்ளி சிப்ஸ் தின்றுகொண்டிருந்த அவளைப் புதையலைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

"முடியாது," என்றாள், நாங்கள் வாயைத் திறப்பதற்குள்.

"ஒரே ஒரு மாசம், கண்ணு," என்று நோயெமி குழைந்தாள். "தங்கச்சி உள்ள போய் உக்காந்ததும் நீ உன் பழைய பள்ளிக்கே ஓடிடலாம்."

"அங்க காக்கி பேன்ட் போடணும்மா. என் ஃபிரெண்ட்ஸ் யாரும் கிடையாது. இவளுக்கு டிக்கெட் வாங்க நான் போகணுமா?"

"செலா, உனக்கு என்ன வேணும் சொல்லு," என்றேன்.

"இனிமே இவ என் ரூம்ல தூங்கக் கூடாது. உதைக்கறா."

கை குலுக்கினோம். செலா சேர்ந்தாள். மே மாதம் பலோமாவுக்கும் இடம் வந்தது. நோயெமி தெருவுக்கே கேக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நீல ஆந்தைக்குப் பஸ் கிடையாது. போக முப்பத்தைந்து நிமிடம், வர முப்பத்தைந்து. பெற்றோர் வருடத்துக்கு இருபது மணி நேரம் வந்து கைகொடுக்க வேண்டுமென்று ஒரு தாளில் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன், படிக்காமல். அதனால் தினமும் காலையில் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்களை "நகருங்க, நகருங்க" என்று விரட்டுவது என் வேலை.

பலோமாவுக்கோ அந்தப் பள்ளி துளியும் பிடிக்கவில்லை. உதட்டில் விரல் வைத்து வரிசையில் நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருமுனையில் மற்ற பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் கூச்சலோடு ஏறிப் போகிறார்கள். "எனக்கு அந்த பஸ் வேணும்" என்று மூன்று வாரம் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மிஸஸ் ஆஸ்ட்ரண்டரிடம் முறையிட்டேன்.

"இதெல்லாம் சேர்க்கறதுக்கு முன்னாடி கேக்கணும், ஐயா," என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? நீங்க தமாலேல்ல கொண்டுவந்தீங்க."

மாதக் கடைசியில் நோயெமியே இறங்கிவந்தாள். திங்களிலிருந்து பலோமா நம்ம பக்கத்துப் பள்ளிக்கும், செலா தன் பழைய பள்ளிக்கும் போகட்டும் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் காரை நிறுத்தி இறங்கி, ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டே செலாவிடம் சொன்னேன்.

"உனக்கு விடுதலைடா தங்கம். இன்னையோட சரி."

அவள் இறங்கவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலப்பா. நான் இங்கதான் படிப்பேன்."

"ஏம்மா, நீதானே முடியாதுன்ன?"

"அப்ப தெரியாது. இங்க கிளாஸ்ல இருபது பேர்தான். நான் கை தூக்கினா கூப்பிடறாங்க." பின் சீட்டில் இருந்த பலோமாவைக் காட்டினாள். "இவளுக்காக டை கட்டினீங்க. கடைக்கு லீவு விட்டீங்க. அம்மா அழுதாங்க. என் பழைய பள்ளியில ரெண்டு வருஷம் படிச்சேன்ல, அங்க என் டீச்சர் ஒருத்தர் பேரு சொல்லுங்க பார்ப்போம்."

யோசித்தேன். நிஜமாகவே மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். ஒரு பெயர்கூட வரவில்லை. என் பெரிய பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"சரி, இந்தப் பள்ளியில சொல்லு," என்று மறுபடி உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். "எத்தனை டீச்சர்?"

"ஆறு. அப்பா, பின்னாடி எல்லாரும் திட்டறாங்க."

"திட்டட்டும். கணக்குக்கு யாரு?"

"மிஸ்டர் வாண்டர்வீன்."

"எப்படி, நல்லவரா?"

"ரொம்பப் பேசுவாரு," என்று சிரித்தபடி அவள் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.