பாய்லர்க்கார மாப்பிள்ளையின் இரண்டாம் நிலை

என் தங்கை புருஷன் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் பாய்லர் பார்ப்பவன். ஒரு இடத்தில் நிலையாக உட்கார்ந்ததே இல்லை. அவன் கோபத்தோடு வாசலில் நடைபோட்டால் எதிர்வீட்டில் அடுப்பேற்றாத பால் பொங்கும். அந்த வீட்டம்மாள் கேஸ் மிச்சம் என்று தினமும் காலையில் அவனைச் சீண்டிவிட்டுத்தான் பாத்திரத்தை வைப்பாள். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

சலவைக்கூடத்தின் வருடாந்திர உடல் பரிசோதனையில் டாக்டர் அவன் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். 164க்கு 102. சற்று உட்காரவைத்து மறுபடி அளந்தார், இறங்கவில்லை. மேல் எண் இதயம் சுருங்கும்போது, கீழ் எண் அது விரியும்போது என்று விளக்கினார். 120க்கு 80க்குக் கீழே இருந்தால் சரி. கீழ் எண் சரியாக இருந்து மேல் எண் மட்டும் 130க்குள் ஏறியிருந்தால் எச்சரிக்கை. மேலே 130 அல்லது கீழே 80ஐத் தொட்டால் முதல் நிலை. 140 அல்லது 90 என்றால் இரண்டாம் நிலை. மேலே 180 அல்லது கீழே 120ஐத் தாண்டி நெஞ்சும் வலித்தால் உடனே ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல் நிலை வாங்கியவன் யார் என்று விசாரித்தான்.

மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த பரிசோதனையிலும் குறையாவிட்டால் பாய்லரை விட்டு இறக்கி, படுக்கை விரிப்பு மடிக்கும் பகுதிக்குப் போடுவார்களாம். அங்கே மேற்பார்வை என் தங்கை. வீட்டில் அவள் ராஜ்யம் போதாதென்று வேலையிலுமா என்று அவன் தூக்கம் கெட்டது.

அளக்கும் கருவி வாங்கினான். மாடிப்படி ஏறினால் அளப்பான், காபி குடித்தால் அளப்பான், சண்டைக்கு நடுவே "இரு" என்று சொல்லி அளப்பான். ஒருநாள் கருவி அவன் கையிலிருந்து தானே கழன்று மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. குனிந்து எடுத்துக்கொடுத்தவன் நான்தான்.

மாத்திரையோ டப்பாவில் அப்படியே கிடந்தது. கேட்டேன்.

"முள் சிவப்புக்குப் போனாத்தான வால்வத் திறப்போம் மச்சான்? தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. விசிலடிக்காத பாய்லர எவன் நிறுத்துவான்?"

இருபது வருடம் பாய்லரோடு குடித்தனம் நடத்தியவனிடம் யார் வாதாடுவது? எண் ஏறிய நாளில் ஒன்றைப் போட்டான், இறங்கிய நாளில் நிறுத்தினான். மறு பரிசோதனையில் 172க்கு 108. மறுநாளே விரிப்பின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை என் தங்கை பிடித்தாள். முதல் வாரம் அவன் இழுத்த இழுப்பில் ஒற்றை விரிப்புகளெல்லாம் இரட்டைக் கட்டிலுக்கு ஆயின.

மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "உங்க பாய்லருக்கு அடியில நெருப்பு என்னிக்காவது லீவு போடுதா?"

"எப்படிப் போடும்?"

"அப்போ மாத்திரை வால்வு இல்லைங்க. நெருப்பக் குறைச்சு வைக்கிற வேலை. தினமும் எரியுது, தினமும் குறைக்கணும்."

அதன்பின் தினமும் அவள் எதிரிலேயே விழுங்கினான். உப்பும் குறைந்தது. அடுத்த முறை 126க்கு 78. பாய்லருக்கே திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதும், மடிக்கும் மேசைக்கு ஓடிவந்தான்.

"குறைஞ்சிடுச்சு. இனி மாத்திரை எதுக்கு?"

தங்கை ஒரு விரிப்பை உதறி, அதன் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். பிறகு மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டான்.