வளையம் போட்ட மரங்கள்

தையல்காரர் தன் நாற்பது வருடத் தொழிலில் ஒருமுறைகூடத் தப்பு செய்தது கிடையாது. சட்டை இறுக்கிப் பிடித்தால் போட்டவர் பெருத்துவிட்டார். தொளதொளவென்று இருந்தால் இளைத்துவிட்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்த ரகம். கடையை மூடிய பிறகும் குணத்தை மட்டும் மூடவில்லை.

நகரத்தின் நடுவில், நாலு தெருக்களுக்கு இடையே, யார் நட்டது என்று யாருக்கும் தெரியாத பழங்காடு ஒன்று இருந்தது. அதைப் பராமரிக்கும் அதிகாரி அவருடைய மருமகள். தெருக்காரர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, எந்த மரத்தை வெட்டுவது, எந்தப் பாதையை அடைப்பது என்று அவர்களைக் கேட்டே எல்லாம் செய்வாள். குழுவுக்கு இவரை விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரைத் தலைவராக்கினார்கள். அன்றிலிருந்து தையல்காரர் கூட்டத்துக்குப் போவதில்லை. வீட்டில் அவள் காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "உங்க தலைவர்கிட்ட சொல்லும்மா" என்று தட்டோடு எழுந்துவிடுவார். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

கூட்டத்தோடுதான் கோபம், காட்டோடு இல்லை. கிழக்கு ஓரத்தில் ஒரு கோணல் மரம். பாதி காய்ந்தது, நடுவில் பொந்து. தினமும் காலையில் அதில் முதுகைச் சாய்த்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

ஒரு திங்கட்கிழமை அதன் இடுப்பில் வெள்ளை பெயின்டில் வளையம் போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒல்லி மரத்துக்கும் ஒன்று, உள்ளே இன்னும் பலவற்றுக்கும். வளையம் போட்டால் வெட்டு. வருடாவருடம் அதுதான் வழக்கம். மருமகளிடம் கேட்கலாம். கேட்டால், கூட்டத்துக்குப் போகாதது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! மறுநாள் கம்பி பிரஷ்ஷோடு வந்து, வியர்க்க விறுவிறுக்கத் தேய்த்து எடுத்தார். ஒல்லியும் பாவம்தானே என்று அதையும் தேய்த்தார்.

வெட்டும் நாளன்று, தன் மரம் தப்பிய அழகைப் பார்க்க நிதானமாகக் கிளம்பிப் போனார். கோணல் மரத்தடியில் ரம்பக்காரர் மோட்டார் ரம்பத்தின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நிறுத்துப்பா! அதுல வளையமே இல்லையே!"

"அதனாலதான் சார் வெட்டறேன். இந்த வருஷம் நிக்க வேண்டியதுக்குத்தான் வளையம். போடாததெல்லாம் போகணும். பழைய மரத்துக்கு வெளிச்சம் வேணுமாம். கூட்டத்துல முடிவு பண்ணாங்களே, நீங்க வரலியா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் மருமகளும் கண்டக்டரும் நாலைந்து தெருக்காரர்களும் ஓடி வந்தார்கள்.

"இதுக்கு நானே வளையம் போட்டேனே!" என்றாள் மருமகள். "பொந்துல ஆந்தை குடும்பம் நடத்துது."

"போன வாரம் மழை. பெயின்ட் காயறதுக்குள்ள கரைஞ்சிருக்கும்" என்றார் கண்டக்டர். "நல்ல வேளை, டெய்லரு வந்து நிறுத்தினாரு. இல்லன்னா போயிருக்கும்."

எல்லோரும் தையல்காரரை நன்றியோடு பார்த்தார்கள். மரமும் பிழைத்தது, மானமும் பிழைத்தது. பேசாமல் தலையாட்டினால் போதும். அவரும் பாதி ஆட்டிவிட்டார். அப்போதுதான் ஒல்லி மரம் இருந்த இடம் கண்ணில் பட்டது. தரையோடு தரையாக ஓர் அடிக்கட்டை, சுற்றிலும் ஈரம் காயாத மரத்தூள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இருநூறு மரத்துக்கு வளையம் போட்டவளுக்கு ஒவ்வொன்றுமா நினைவிருக்கும்?

ஆடிய தலையை நிறுத்தினார்.

"மழை இல்லம்மா" என்றார். "நான்தான் தேய்ச்சேன். இதையும், அதையும். வெட்டிடுவீங்கன்னு நினைச்சேன்."

மருமகள் அடிக்கட்டையின் அருகே போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இது அந்தக் கோணல் மரத்தோட கன்னு, மாமா. இந்த வகையில இத்தனை வருஷத்துல முளைச்சது இது ஒண்ணுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. பையிலிருந்து காட்டுப் பதிவேட்டை எடுத்து, முழங்காலில் வைத்து, தவறுதலாக வெட்டப்பட்டது என்று எழுதினாள். பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதப் போனாள்.

"வீட்டுல இருக்குறவருக்கே சொல்லாம விட்டது நான்தானே மாமா."

"நீ சொல்ல வந்தே. நான்தான் தட்டைத் தூக்கிக்கிட்டு எழுந்து போனேன்." அவர் பதிவேட்டின் மேல் விரலை வைத்தார். "தப்பு என்னுது. என் பேரைப் போடும்மா."

கண்டக்டர் குனிந்து, பதிவேடு ஆடாமல் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். தையல்காரர் அவள் தோளைப் பிடித்துக் குனிந்து, தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.