ஏழாவது குஞ்சு

சுகாதார இலாகாவின் லோரி வருவதற்கு இன்னும் நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியர் கார்த்திகேசு இதைச் சொன்னபோது, புஷ்பவல்லி கையில் சாக்பீஸோடு அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"புதன்கிழமை எட்டு மணிக்கு வருவினம்," என்றார் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து வருஷமாகியும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. "டாக்டர் துரையும் மருந்து கட்டுற டிரெஸ்ஸரும். ஒவ்வொரு பிள்ளையையும் சட்டை கழட்டிப் பார்ப்பினம். வெளிறின படை இருந்து, அதில ஊசியால குத்தினாலும் தெரியேல்லையெண்டால் அந்தப் பிள்ளை அண்டைக்கே சுங்கை பூலோவுக்குப் போகவேணும்."

சுங்கை பூலோ என்ற பெயரைப் பள்ளிக்கூடம் இருந்த பிரிக்பீல்ட்ஸில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. பெருநோய்க்காரர்களுக்காக அங்கே ஒரு ஊரையே கட்டி மூன்று வருஷம் ஆகிறது. போனவர்களைப் பற்றி அதன் பிறகு வீட்டில் பேச்சே இருக்காது.

"அம்மா அப்பா கூடப் போகலாமாங்கய்யா?"

"ஏலாது. சட்டம் அப்பிடி." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் இது சந்தோஷமே பிள்ளை? போன வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்தில லோரியைக் கண்டவுடன நாலு பிள்ளையள் யன்னலால குதிச்சு ஓடிச்சுதுகள். பிறகு தாய் தகப்பனோட தோட்டம் தோட்டமா மறைஞ்சு திரிஞ்சு, பிடிபடேக்க ஒரு பிள்ளைக்கு விரலெல்லாம் மடங்கிப்போச்சு. வேளையோட பிடிச்சால் ஊசி மருந்து இருக்கு. அதுதான் சொல்றன், ஆரெண்டு முதலே எங்களுக்குத் தெரியவேணும். உம்மட படப் பொஸ்தகம் இருக்குத்தானே? ஒளிக்கக் கூடாது எண்டு ஒரு கதை சொல்லும். பிள்ளையள் தாங்களாக் காட்டுவினம். டாக்டராக்கள் என்ன செய்வினம் எண்டு கேட்டால், மருந்து பூசுவினம் எண்டு மட்டும் சொல்லும். விளங்குதோ?"

விளங்கியது. அவள் தலையாட்டினாள்.

புஷ்பவல்லிக்கு வயது இருபத்திரண்டு. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் சொன்னதுதான் வேதம். அதற்குக் காரணம் அவளுடைய படப் புத்தகங்கள். ரயில்வே இஞ்சினியர் துரை வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து சீமைக்குப் படிக்கப் போனபோது, துரைசாணி ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினாள். எல்லாம் இங்கிலீஷ். புஷ்பவல்லி வெள்ளைக் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, கஞ்சிப் பசை தடவி இங்கிலீஷ் எழுத்தின் மேல் ஒட்டி, அதன் மேல் தமிழில் கதை எழுதினாள். புத்தகத்தில் இருந்த கதையை அல்ல, பிள்ளைகளுக்கு அந்த வாரம் எது தேவையோ அதை. பென்சில் திருடு போன வாரம் ஒரு அணில் திருடித் திருந்தியது. மதம் சொல்லிச் சண்டை போட்ட வாரம் இரண்டு வாத்துகள் சமாதானமாயின. வகுப்பில் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். பிள்ளைகளுக்குப் படம் தெரியும், அவள் முகம் தெரியாது. குரல் மட்டும் அட்டைக்குப் பின்னாலிருந்து தைரியமாக வரும்.

அன்று அவள் எடுத்தது ஒரு கோழிப் புத்தகம். உண்மையில் அது எண்ணிக்கை சொல்லித் தருகிற புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு குஞ்சு விளையாடப் போய்விடும், பிள்ளைகள் மிச்சத்தை எண்ண வேண்டும். அவளுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. மூன்று படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பக்கங்களை நூலால் தைத்து மூடினாள். இடைவேளைக்குள் கதை தயார்.

"ஒரு கோழிக்கு ஏழு குஞ்சு," என்று ஆரம்பித்தாள். "ஒரு குஞ்சுக்குக் கால்ல முள்ளு குத்திருச்சு. அம்மா திட்டுமேன்னு பயந்து அது காலை இறகுக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிச்சு. ஒளிச்சு வெச்சா வலி போயிருமா?"

"போகாது டீச்சர்," என்றது வகுப்பு.

"அப்போ என்ன பண்ணணும்?"

"அம்மாகிட்டச் சொல்லணும் டீச்சர்."

முன் வரிசையில் நூருன்னிசா பக்கத்துப் பிள்ளையை இடித்தாள். "ஏய் தங்கமணி, கையில எறும்பு. எம்மாம் பெருசு, கடிக்குது பாரு."

ரயில்வே லயத்து வீட்டிலிருந்து வருகிற தங்கமணி தன் கையைக் குனிந்து பார்த்தாள். முழங்கைக்குக் கீழே சிவப்பு எறும்பு ஒன்று தலையைப் புதைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை ஏதோ ஒட்டிக்கொண்ட புல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

புஷ்பவல்லி புத்தகத்தை இறக்கினாள். படத்தைக் கிட்டத்தில் காட்டுகிறவள் மாதிரி அந்த மேசைக்குப் போய், எறும்பைத் தட்டிவிட்டாள். எறும்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து தடித்திருந்தது. தங்கமணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, புஷ்பவல்லி பென்சில் முனையால் அந்த வெளுப்பின் நடுவில் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிள்ளை திரும்பவில்லை.

அதன் பிறகுதான் தங்கமணி நிமிர்ந்தாள். தன் கையையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது. புஷ்பவல்லி, சுருண்டு கிடந்த பிள்ளையின் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"குஞ்சு அம்மாகிட்டப் போய்க் காலைக் காட்டுச்சு," என்று தன் இடத்துக்குத் திரும்பிக் கடைசிப் படத்தை விரித்தாள். "அம்மா திட்டவே இல்ல. முள்ளை எடுத்துருச்சு. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க."

படத்தில் கோழி இறக்கையை விரித்துப் படுத்திருந்தது. குஞ்சுகள் அதைச் சுற்றி நின்றன.

"டீச்சர், ஆறுதான் இருக்கு," என்றான் ஜெயராஜ். கணக்கில் மட்டும் புலி அவன்.

"நல்லா எண்ணு."

"எண்ணிட்டேன் டீச்சர். ஆறு. காலு நொண்டின குஞ்சைக் காணோம்."

"கறி வெச்சிட்டாங்க லா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது. ஆளாளுக்கு எழுந்து எண்ணினார்கள். புஷ்பவல்லியும் எண்ணினாள். ஆறுதான். மற்றப் பக்கங்களையெல்லாம் தைத்தவள் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

தங்கமணி சிரிக்கவில்லை. "சொன்ன குஞ்சு எங்க டீச்சர் போச்சு?" என்று கேட்டாள்.

"அம்மா இறக்கைக்குள்ள இருக்கு."

"கண்டிப்பாவா டீச்சர்?"

"ஆமா. கண்டிப்பா."

மூன்று வருஷ வேலையில் பிள்ளைகளிடம் அவள் வேண்டுமென்றே சொன்ன முதல் பொய் அது.

செவ்வாய்க்கிழமை தங்கமணியின் இடம் காலியாக இருந்தது. "ஜுரமாம் டீச்சர்," என்றாள் நூருன்னிசா. "ஆனா காலையில அவங்கம்மா பாசார்ல பெரிய சாக்கு வாங்கினதை எங்க வாப்பா கடையில இருந்து நான் பாத்தேன்."

பிரார்த்தனை முடிந்ததும் கார்த்திகேசு அவளை அறைக்குக் கூப்பிட்டார். "என்ன பிள்ளை, கதை சொன்னீரோ?"

"சொன்னேங்கய்யா."

"உம்மட வகுப்பில ஆரும் உண்டோ?"

ஜன்னலுக்கு வெளியே ரயில் பெட்டிகளைக் கோர்க்கிற சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது. அறையை விட்டு அவள் வெளியே வந்தபோது முதல் பாட மணி அடித்து வெகு நேரமாகியிருந்தது. அன்று முழுக்க அவள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

பள்ளி விட்டதும் நேராக ரயில்வே லயத்துக்கு நடந்தாள். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பம். ஏழாம் நம்பர் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தங்கமணியின் அம்மா இராஜம்மா தரையில் உட்கார்ந்து சாக்குக்குள் பாத்திரங்களைத் திணித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் சாக்கைக் காலால் தள்ளினாள். பிறகு, அது யாருக்கும் மறையாது என்று தெரிந்தவள்போல, அப்படியே விட்டுவிட்டாள்.

"உக்காருங்க டீச்சரம்மா. ஏ தங்கம், பலகையைப் போடு."

தங்கமணி பலகையைப் போட்டாள். ஜுரம் எதுவும் இல்லை. டீச்சரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தொட்டிலில் கிடந்த தம்பியை ஆட்டப் போனாள்.

"எப்போல இருந்து இருக்கும்மா அது?" என்று புஷ்பவல்லி கேட்டாள்.

"தேமல்னுதான் நெனச்சோம். ஆடி மாசம் சுடுசட்டியில கையை வெச்சுக் கொப்புளம் வந்துருச்சு, பிள்ளைக்குத் தெரியல. அப்பத்தான் எனக்குக் குலை நடுங்குச்சு." இராஜம்மா குரலை இறக்கினாள். "கடைசி வீட்டு பக்கிரிசாமியை இப்படித்தான் டீச்சரம்மா, மருந்து போட்டு அனுப்பிருவோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு தீவாளி போயிருச்சு. அவன் பெஞ்சாதி தாலியோட விதவை மாதிரி நிக்கிறா."

"இது ஆரம்பம்தாம்மா. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில ஏத்துவாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா குணமாக வழி இருக்கு. விட்டுட்டா கை கால் மரத்துப் போகும். தம்பிக்கும் ஒட்டலாம்."

"அந்த ஊசியை இங்க கொண்டாந்து போடச் சொல்லுங்க. நான் தினமும் தூக்கிட்டுப் போறேன், எங்க வேணாலும். என்கிட்டயே இருக்கட்டும்." அவள் புஷ்பவல்லியின் முகத்தைத் தேடினாள். "அங்க போயித் திரும்பி வந்த ஒருத்தரையாவது நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"எட்டு வயசு. தலை பின்னக் கூடத் தெரியாது அவளுக்கு."

நோயைப் பற்றிப் புஷ்பவல்லி சொன்னதெல்லாம் சரி. அந்த அம்மா சொன்னதும் சரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்ட எந்தப் பசையும் இல்லை.

"பந்திங் பக்கத்துல என் அண்ணன் அய்யாவு இருக்கு, தோட்டத்துல," என்றாள் இராஜம்மா. "அங்க போயிரலாம்னு இருக்கோம். இவங்கப்பா கிள்ளான் லைன்ல வேலையா போயிருக்காரு. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவாரு. அவரு இல்லாம கைப்பிள்ளையையும் தூக்கிட்டு, இந்த மூட்டையையும் தூக்கிட்டு நான் எங்க போறது? அதான் இருக்கேன். பள்ளிக்கூடத்துக்குத்தான் லோரி வருமாம், ஜெயராஜோட அம்மா சொன்னா. பிள்ளை பள்ளிக்கூடம் போகலன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

புஷ்பவல்லி பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்," என்று இராஜம்மா தொடர்ந்தாள். "நான் பயந்துபோய்க் கேட்டேன், டீச்சர் பாத்துட்டாங்களாடின்னு. அவதான் சொன்னா. பாத்தாங்கம்மா, ஆனா சொல்ல மாட்டாங்க, அவங்களே சட்டையை இழுத்து மறைச்சு விட்டாங்கன்னு. நேத்து ராத்திரி முழுக்க அதையே சொல்லிச் சொல்லி என்னைத் தேத்தினா."

தொட்டிலின் கயிறு கிறீச்சிட்டது. தங்கமணி தம்பியை ஆட்டிக்கொண்டே இந்தப் பக்கம் காதைக் கொடுத்திருந்தாள்.

"அவரு வர்ற வரைக்கும் இருக்கலாம்ல டீச்சரம்மா? நாளைக்கு ஒரு பகல்தான்."

இருங்கம்மா என்று சொன்னால் போதும். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஊசி கிடைக்கும், விரல்கள் மடங்காது, தொட்டிலில் கிடக்கிறவனும் தப்புவான். கார்த்திகேசு அதைச் சரி என்பார். புத்தகத்தில் படித்ததெல்லாம் அதையேதான் சொல்லும். எனக்குத் தெரியாது என்று மழுப்பினாலும் போதும். அந்த அம்மா நம்பி இருந்துவிடுவாள்.

ஓடிவிட்டால்? பந்திங்கில் ஒரு தோட்டம், அங்கிருந்து இன்னொன்று. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சுகாதார இலாகாவின் துண்டுப் பிரசுரத்தில் அதன் படம் இருக்கிறது.

"சொல்லுங்க டீச்சரம்மா. ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

தங்கமணி தொட்டிலை நிறுத்திவிட்டு வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து, பொத்தானும் போட்டிருந்தாள்.

புஷ்பவல்லி அம்மாவைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் எழும்பவில்லை. ஆனால் அந்தச் சின்ன அறையில் அது எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு எட்டு மணிக்கு லோரி பள்ளிக்கூடத்துக்கு வரும்போது நீ அங்க இல்லன்னா, அது இங்க வரும் தங்கமணி. உன் பேரையும் வீட்டு நம்பரையும் இன்னைக்குக் காலையில நான்தான் சொன்னேன்."