கலப்படமில்லாத கரி

லண்டன் குட்மேய்ஸில் வீடு வாங்கி, பெண் குழந்தையும் பிறந்து, நிரூபனுக்கு ஒரு குறையும் இல்லாதிருந்த காலம் அது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளும் புத்தி மனிதருக்கு அப்படிப்பட்ட காலத்தில்தான் வருகிறது.

அவன் வேலை செய்த பட்டறையில் பெயின்றுக்குள் நானோ கார்பன் தூள் கலப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்கள். வெளிச்சத்தையே விழுங்கிவிடும் கறுப்பு. அதில் ஒரு சின்னப் போத்தல் நிரப்பி, மனைவி கோசிகாவிடம் பெருமை காட்டக் கொண்டுவந்தான்.

"உலகத்திலை இதைவிடக் கறுப்பு இல்லையப்பா. சுத்தமான கரி" என்றான். அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்காகவே அவன் நாக்கை அறுத்திருக்கலாம்.

குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ், கடைக் கண்மையில் ஈயம் இருக்கும், பூசவே கூடாது என்று எச்சரித்திருந்தாள். கோசிகா சொல் கேட்கிற பெண். வீட்டிலிருந்த மையை அப்படியே குப்பையில் போட்டாள். ஆனால் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து சனம் பிள்ளை பார்க்க வரத் தொடங்கிவிட்டது. நாவூறுக்கு ஒரு கறுத்த பொட்டு இல்லாமல் பிள்ளையைக் காட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அந்த வாரம் பட்டறைக் காற்றைச் சோதிக்கத் தாரிணி என்ற மதுரைப் பெண் வந்தாள். நிரூபனுக்குப் புது முகமூடியை மாட்டிப் பார்த்தபடி சொன்னாள்:

"எண்ணெய்ல கலந்துட்டா அவ்வளவு பயமில்லண்ணா. காஞ்ச தூள்தான் ஆபத்து. நீளமான குழாய் நுரையீரலுக்குள்ள போனா உடம்பால வெளியேத்த முடியல. எலிங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியே புண்ணாக்குது."

"மனுசருக்கு?"

"யாருக்கும் இன்னும் தெரியல. ஆஸ்பெஸ்டாஸ் வியாதி வெளிய தெரியவே முப்பது நாப்பது வருஷம் ஆகும்."

போத்தலை வெளியே வீசிவிடலாம் என்ற நினைப்புடன் நிரூபன் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே பிள்ளையின் கன்னத்தைக் கண்டான். துளை விழுந்தது போல அவ்வளவு கறுப்பாக ஒரு பொட்டு.

"இதென்ன மை?"

"நீங்கள் கொண்டந்த கரிதான். விளக்கெண்ணெயிலை குழைச்சனான். இதிலை ஈயம் இல்லைத்தானே."

"எங்கை வைச்சுக் குழைச்சனீர்?"

"இஞ்சைதான், பிள்ளைக்குப் பக்கத்திலை. மூடியைத் திறக்கப் புகை மாதிரி எழும்பினது. பாவம், தும்மித் தும்மி மூக்கெல்லாம் சிவந்துபோனாள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நிரூபன் ஓடிப்போய்த் துணியை நனைத்து வந்தான். ஈரத்துணியால் மேசையைத் துடைத்தான், நிலத்தைத் துடைத்தான், பிள்ளையின் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்கத் துணி கறுத்தது. பிறகு, மறைக்கத் தெரியாமல், தாரிணி சொன்ன எல்லாவற்றையும் சொன்னான்.

கோசிகா அழவில்லை. பிள்ளையைத் தூக்கி இறுக்கிப் பிடித்தாள்.

"டொக்டரிட்டைக் கொண்டுபோவம். நெஞ்சுப் படம் எடுத்துப் பாக்கட்டும்."

"படத்திலை இப்ப ஒண்டும் தெரியாதப்பா."

"அப்ப எப்பதான் தெரியும்?"

"அவள் எங்கடை இப்பத்தை வயசைத் தாண்டேக்கை தெரியலாம். அப்ப நாங்கள் இருப்பமோ தெரியாது."

கோசிகா குனிந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள். மூச்சு சீராகத்தான் போய்வந்தது. அது அவளுக்குப் போதவில்லை. இனி எந்த நாளும் போதப்போவதில்லை.